அண்ணியின் கேரட் பாத்தி

9 அக்டோபர்

சிட்டுவுக்கு அண்ணி எழுதுவது.

இங்கே நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். போனிலேயே கேட்டிருப்பேன். போன மாதம் "என்னம்மா, எப்படி இருக்கே?" என்று கேட்டதற்கு "இருக்கேன்" என்று ஒரே சொல்லோடு வைத்துவிட்டாய். உன் அண்ணன் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். "நீங்க ரெண்டு பேரும் வாயத் தொறந்தா சட்டிபானை உடையுது. எழுதிக்கோங்க. எழுதும்போதாவது கொஞ்சம் யோசிப்பீங்க" என்றார். அதனால்தான் இந்தக் கடிதம். பள்ளிக்கூடத்தை விட்டபின் நான் பேனா பிடித்தது மளிகைச் சீட்டு எழுதத்தான். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ மாற்றல் வாங்கிக்கொண்டு போன நாளிலிருந்து வீட்டுக்குப் பின்னால் உன் பாத்தி கோரைப்புல் மண்டிக் கிடக்கிறது. உன் அண்ணன் பட்டறையில் பம்பு மோட்டார்களோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறார், டீ டம்ளரை எடுத்துக்கொண்டு நேரே அங்கே போய் நிற்கிறார். ஒரு பேச்சு கிடையாது. புல்லைப் பார்க்க ஒரு மனுஷன் தினம் அரை மணி நேரம் நிற்பானா? எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. இந்தக் குளிருக்கு நானே அதில் கேரட் போடலாம் என்று இருக்கிறேன். கடையில் விதைப் பாக்கெட்டும் வாங்கியாயிற்று.

சமையல்கட்டைத் தாண்டினால் எனக்கு என்ன தெரியும்? நீ பன்னிரண்டு வருஷம் அந்தப் பாத்தியிலேயே குடியிருந்தவள். எப்படி என்று எழுதினால் அப்படியே செய்வேன். நடந்தது நடந்துபோச்சு. அதையே பிடித்துத் தொங்கினால் யாருக்கு என்ன ஆகப்போகிறது?

அண்ணி


17 அக்டோபர்

அண்ணிக்கு,

கடிதம் வந்தது. நடந்தது நடந்துபோச்சு என்று எழுதியிருக்கிறீர்கள். அது தானாக நடக்கவில்லை, நடத்தினவர் நீங்கள். மறந்திருந்தால் வரிசையாகச் சொல்கிறேன். இருபத்தாறு வருஷம் பள்ளி ஆய்வகத்தில் குடுவை கழுவி, கணக்காகக் குறிப்பு எழுதின கை இது. எதையும் விட்டுவிடாது.

போன பிப்ரவரியில் முந்நூறு கேரட்டுக்கு மேல் பிடுங்கினேன். அதில் பதினொன்றை மட்டும் விதைக்கு எடுத்துவைத்தேன். முதல் வருஷம் கிழங்குதான் வரும், அதைத் திரும்ப நட்டால்தான் பூத்து விதை தரும் என்று உங்களுக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! ஆறு வருஷமாக நல்லதிலும் நல்லதைப் பொறுக்கி, ஆணி அடித்த மாதிரி நேராக, நடுவில் கட்டை தட்டாமல் வரும்படி ஒரு வம்சத்தையே உண்டாக்கியிருந்தேன். இலையைக் கிள்ளி, பெட்டியில் மணல் பரப்பி, அதற்குள் பதினொன்றையும் படுக்கவைத்து, என் கட்டிலுக்கடியில் வைத்திருந்தேன். உங்கள் தம்பி குடும்பத்தோடு வந்த அன்று நான் பள்ளியிலிருந்து திரும்புவதற்குள் பதினொன்றையும் துருவிச் சர்க்கரை போட்டுக் கிளறிப் பரிமாறிவிட்டீர்கள். சமையல்கட்டில் கூடையில் வேறு கேரட் இருந்தது அண்ணி. கூடை நிறைய இருந்தது.

அதுகூடப் போகட்டும். நான் வெறும் மணலைக் கையில் வைத்துக்கொண்டு அழுதபோது உங்கள் தம்பி பெண்டாட்டியைப் பார்த்துச் சிரித்தபடி சொன்னீர்கள்: "ஒண்ணு பெத்து வளர்த்திருந்தா கேரட்டுக்கா அழுவா?" தினம் காலையில் பல் தேய்க்கும்போது அது எனக்குக் கேட்கிறது. கல்யாணம் ஆகாதவள் என்று ஊரே சொல்லும், அதற்கெல்லாம் காது மரத்துப்போய்விட்டது. நீங்கள் சொன்னதற்கு மட்டும் மரக்கவில்லை.

உங்களுக்குக் கேரட் போடச் சொல்லித்தர எனக்கு மனசில்லை. பட்டாணி அளவு கல்கூட இல்லாதபடி மூன்று வருஷம் நான் சலித்த மண் அது. புதுச் சாணி ஒரு கை அந்தப் பக்கம் வர விட்டதில்லை. கோரை மண்டினால் மண்டிவிட்டுப் போகட்டும்.

இரண்டே இரண்டு விஷயம். மார்ச் 31 எனக்கு ஓய்வு. அன்றைக்கே பள்ளிக் குடியிருப்பைக் காலி செய்து சாவியைக் கொடுக்கவேண்டும். அண்ணன் வீட்டுப் பின் அறையை விட்டால் எனக்குப் போக்கிடம் கிடையாது. அறை அப்படியே இருக்கிறதா? இன்னொன்று, மெத்தைக்கடியில் பழுப்பு அட்டை போட்ட நோட்டு ஒன்றை விட்டுவந்துவிட்டேன். பாத்தி பற்றி நான் எழுதிவைத்தது எல்லாம் அதில்தான். அனுப்பிவையுங்கள்.

சிட்டு


25 அக்டோபர்

சிட்டு,

அம்மாடி, வக்கீல் நோட்டீஸ் தோற்றது போ.

கூடையில் கேரட் இருந்தது என்கிறாய். இருந்தது, சூம்பிப்போய். பெட்டியில் இருந்தது மினுமினு என்று இருந்தது. வீட்டுக்கு வந்தவர்களுக்கு எதை எடுத்துச் செய்வார்கள்? நான் சொன்ன சொல் தப்பு என்றே வைத்துக்கொள்வோம். அன்றைக்கு நீ மட்டும் வாயில் வெல்லத்தை வைத்துக்கொண்டா இருந்தாய்? "எங்க அண்ணனுக்கு வாச்சது சம்சாரமில்ல, சமையல்காரி" என்று என் தம்பி முன்னால் சொன்னாய். அவன் அதற்கப்புறம் இந்த வாசல் மிதிக்கவில்லை. அது உன் வரிசையில் ஏன் வரவில்லை? குறிப்பு எழுதின கைக்கு அன்றைக்கு மட்டும் சுளுக்கோ?

சரி, போகட்டும். நோட்டுக்காக மெத்தையை உதறி, அலமாரியைக் குடைந்து பார்த்துவிட்டேன், காணோம். எலி இழுத்துக்கொண்டு போயிருக்கும். அறை எங்கே ஓடிப்போகிறது? அது உன் அண்ணன் வீடு, அவர் முடிவு.

நோட்டும் இல்லையென்று ஆனபின் எனக்கு உன் வார்த்தைதான் வேதம். நீ கிழக்கே என்றால் கிழக்கு, மேற்கே என்றால் மேற்கு. கேரட் ஒழுங்காக வராவிட்டால் உன் அண்ணன் முன்னால் அசடு வழியப்போவது நான்தான், நீ இல்லை. கொஞ்சம் மனசு வை.

அண்ணி


2 நவம்பர்

அன்புள்ள அண்ணிக்கு,

நிதானமாக யோசித்தேன். நீங்கள் சொல்வதும் நியாயம்தான். பழசையே கிளறிக்கொண்டிருந்தால் ஆகுமா? பாத்தி பாழாய்க் கிடப்பதைவிட உங்கள் கையால் விளையட்டும். கேளுங்கள், உங்களுக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்லப்போகிறேன்?

முதல் வேலை சாணி. ஈரம் காயாத புதுச் சாணியாக மூன்று கூடை வாங்கி மண்ணோடு நன்றாகக் கலந்துவிடுங்கள். சாணியே விட்டதில்லை என்று போன கடிதத்தில் எழுதினாளே என்று குழம்பவேண்டாம். அது ஊட்டம் ஏறியிருந்த மண். எட்டு மாதம் கோரை உறிஞ்சின மண்ணுக்கு இப்போது அகோரப் பசி. சலிப்பதெல்லாம் வேண்டாம், உங்கள் முதுகு தாங்காது. கல் கிடந்தால் வேர் தானே வழி பார்த்துக்கொள்ளும்.

விதையை நகத்தளவு ஆழத்துக்கு மேல் போட்டுவிடாதீர்கள். தூவி, லேசாக மண் போட்டு, ஈரச் சாக்கால் மூடுங்கள். முளை தலை காட்டப் பதினைந்து நாள் ஆகும், பயப்படவேண்டாம். காட்டிய அன்றே சாக்கை எடுத்துவிடுங்கள். தூவும்போது கை நிறைய எடுத்து நெருக்கமாகத் தூவுங்கள். கஞ்சத்தனம் வேண்டாம்.

அண்ணன் பக்கத்தில் நின்று பார்க்கிறாரா? அவர் என்ன சொல்கிறார் என்று எழுதுங்கள். அறை விஷயத்தையும் அவரிடம் ஒரு வார்த்தை போட்டுவையுங்கள்.

உங்கள் சிட்டு


24 நவம்பர்

சிட்டு,

கரெக்டாகப் பதினைந்தாம் நாள் முளைத்துவிட்டது! காலையில் சாக்கை விலக்கினேன், பச்சை நூல் நூலாக நிற்கிறது. சத்தம் போட்டு உன் அண்ணனைக் கூப்பிட்டேன். ஷேவிங் நுரையோடு ஓடிவந்தார். சாணியைக் கலந்த நாலு நாள் அந்தப் பக்கம் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க முடிந்தது. குருவின் வாக்கு, தட்டலாமா?

இப்போதெல்லாம் சாயங்காலம் இரண்டு நாற்காலி போட்டுப் பாத்தி ஓரத்தில் உட்கார்ந்துகொள்கிறோம். பட்டறைக் கதை சொல்கிறார். நேற்று ஏதோ சொல்லி இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். இத்தனை வருஷத்தில் அவருக்கு இப்படிப் பேச வரும் என்பதே எனக்குத் தெரியாமல் போச்சு.

ஒரு சந்தேகம். செடி தலைமுடி மாதிரி நெருக்கமாக நிற்கிறது. நீ இந்தச் சமயத்தில் குந்தி உட்கார்ந்து பாதிக்கு மேல் பிடுங்கி எறிவாய், பார்த்திருக்கிறேன். நானும் பிடுங்கட்டுமா?

அண்ணி


1 டிசம்பர்

அண்ணிக்கு,

அந்த நாற்காலி இரண்டும் நான் வாங்கிப்போட்டது. சௌகரியமாக இருக்கிறது என்று கேட்க சந்தோஷம்.

பிடுங்காதீர்கள். நான் பிடுங்கியது வேறு ரகம். கடை விதைக்கு நெருக்கம்தான் பலம், ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு வளரும். எங்கேயாவது மண் வெறிச்சென்று தெரிந்தால், நெருக்கமான இடத்திலிருந்து நாலைந்தை வேரோடு எடுத்து அங்கே ஊன்றிவிடுங்கள். வாரம் ஒருமுறை சாணியைக் கரைத்து ஊற்றுங்கள். இலை எப்படிச் செழிக்கிறது என்று மட்டும் பாருங்கள்.

இங்கே எனக்கு வேலை தலைக்கு மேல். போவதற்குள் ஆய்வகத்துச் சாமான் ஒவ்வொன்றையும் எண்ணி ஒப்படைக்கவேண்டும். நாற்பத்திரண்டு குடுவை, அதில் மூன்று விரிசல். குடியிருப்பு குமாஸ்தா நேற்று வந்து "மார்ச்சுக்கு அப்புறம் எங்க போறீங்கம்மா?" என்றார். "எங்க அண்ணன் வீட்டுக்கு" என்றேன். வாய் சொல்லிவிட்டது. அண்ணன் சொன்னாரா, இல்லையா? மூன்று கடிதமாகக் கேட்கிறேன், நீங்கள் சாணி நாற்றத்தைப் பற்றி எழுதுகிறீர்கள்.

சிட்டு


28 டிசம்பர்

சிட்டு,

இலை முழங்காலுக்கு வந்துவிட்டது. பச்சை என்றால் அப்படி ஒரு பச்சை. "சிட்டு கை பட்ட மாதிரியே இருக்கு" என்றார் உன் அண்ணன். பிடுங்கி ஊன்றச் சொன்னதையும் செய்தேன். இரண்டு நாள் தலை தொங்கி, அப்புறம் நிமிர்ந்துகொண்டது.

அறையைப் பற்றிக் கேட்கிறாய். கேரட் பிடுங்கின பிறகு பேசலாம் என்கிறார். அதற்கு மேல் என்னைக் கேட்காதே.

ஒன்று மட்டும் கேட்கிறேன், பட்டென்று பதில் சொல். பாத்தி விஷயத்தில் நீ எனக்கு எதையாவது மறைத்தோ மாற்றியோ சொல்லியிருக்கிறாயா? அப்படி இருந்தால் இப்போதே சொல்லிவிடு. இன்னும் நாள் இருக்கிறது. நான் ஒரு சொல் சொல்லமாட்டேன்.

அண்ணி


5 ஜனவரி

அண்ணிக்கு,

இந்தக் கடிதத்தை இரண்டு தடவை எழுதினேன். முதலில் எழுதினது நீளமாக இருந்தது. அப்புறம் உங்கள் பழைய கடிதம் ஒன்றை எடுத்துப் படித்தேன், நாற்காலி போட்டு உட்கார்ந்து சிரித்ததாக எழுதினீர்களே, அது. முதலில் எழுதினதைக் கிழித்துவிட்டேன்.

மறைக்க என்ன இருக்கிறது? எனக்குத் தெரிந்ததை எழுதினேன். இவ்வளவு தூரம் வந்தபின் சந்தேகப்படுவது நன்றாக இல்லை அண்ணி.

பிப்ரவரி 20 வாக்கில் பிடுங்கலாம். முதல் கேரட்டை அண்ணன் கையால் பிடுங்கச் சொல்லுங்கள். அக்கம்பக்கத்தில் யாரையாவது கூப்பிட்டாலும் கூப்பிடுங்கள். எப்படி வந்தது, அவர் முகம் எப்படிப் போனது, என்ன சொன்னார், எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் எனக்கு எழுதவேண்டும்.

சிட்டு


22 பிப்ரவரி

சிட்டு,

ஒன்றுவிடாமல் எழுதச் சொன்னாய். எழுதுகிறேன். நின்றுகொண்டிருந்தால் உட்கார்ந்து படி.

பாத்தி ஒன்று இல்லை, இரண்டு. சுவர் ஓரமாக இரண்டு முழம் மட்டும் நீ சொன்னபடி. புதுச் சாணி, கல், நெருக்கம், பிடுங்கி ஊன்றினது, கரைசல், ஒன்றுகூடக் குறைக்கவில்லை. மீதி இடம் முழுக்கப் பழுப்பு நோட்டில் இருந்தபடி. ஆமாம், நோட்டுதான். மெத்தைக்கடியில் நீ வைத்த இடத்திலேயே இருந்தது. எலி பாவம், அதன் தலையில் பழியைப் போட்டுவிட்டேன். மண்ணைச் சலித்தேன், முதுகு தாங்கியது. பாதியைப் பிடுங்கி எறிந்தேன், இரண்டு விரல் இடம் விட்டேன். கிழங்கின் தோள் வெளியே தெரிந்தால் பச்சை பிடிக்கும், மண்ணை அணை என்று எழுதியிருந்தாய், அணைத்தேன்.

உன் முதல் பாடம் வந்த அன்றே கடிதம், நோட்டு இரண்டையும் உன் அண்ணனிடம் காட்டினேன். அவர் நம்பவில்லை. "நோட்டு பழசு. இப்ப அவளுக்கு வேற ஏதாவது தெரிஞ்சிருக்கும். ரெண்டு விதமும் போட்டுப் பாரு" என்றார். உன்மேல் அவருக்கு அத்தனை நம்பிக்கை.

இருபதாம் தேதி காலையில் முதலில் பெரிய பாத்தி. இழுத்தார், வந்தது. நேராக, ஒரு சாண் நீளத்துக்கு. குழாயில் கழுவி அங்கேயே கடித்தார். அப்புறம் சுவர் ஓரம் போனார். இலை இடுப்புக்கு நின்றது, ஆளை அசத்தும் இலை. பிடித்து இழுத்தால் வரவில்லை. மண்வெட்டி போட்டு நெம்பினார். ஒன்றுக்கு மூன்று கால். ஒன்றுக்கு உடம்பு முழுக்க மயிர். நாலு கேரட் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு, எது தலை எது வால் என்று தெரியவில்லை. "என்னடி இது, ஸ்பானர் மொளச்சிருக்கு" என்று முதலில் சிரித்தார். இன்னும் பத்துப் பிடுங்கினார். சிரிப்பு நின்றுபோச்சு. வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து, உன் கடிதங்களை வாங்கி, மடியில் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். "என் தங்கச்சியா எழுதினா?" என்றார். ஒரே தடவைதான் கேட்டார்.

இப்போது இதைக் கேள். அக்டோபரில் அவர் என்னிடம் சொன்னது: "சிட்டு மார்ச்ல வரணும். அதுக்கு முன்னாடி நீ அவகிட்ட கேட்டுக் கேரட் போடு. அவ நேர்மையா சொல்லிக்கொடுத்து, நீ பொறுமையா கேட்டு வெளஞ்சுதுன்னா, நீங்க ஒரே வீட்ல இருக்க முடியும்னு அர்த்தம். பின்ரூம் அவளுக்கு. இல்லன்னா அவளுக்கு வேற எங்கயாவது பாக்கறேன். இத அவளுக்கும் எழுதிடு." எல்லாம் செய்தேன். கடைசியில் சொன்னதை மட்டும் எழுதவில்லை. எழுதியிருந்தால் நீ தங்கத் தட்டில் வைத்துச் சொல்லிக்கொடுத்திருப்பாய், எனக்குத் தெரியாதா? உன் மனசில் என்ன இருக்கிறதென்று அவருக்குத் தெரியவேண்டாமா? டிசம்பரில் மறைக்கிறாயா என்று கேட்டேனே, அதுகூட நானாகக் கேட்கவில்லை. அவர் பக்கத்தில் நின்று எழுதச் சொன்னது. உனக்குக் கடைசியாக ஒரு வாசலைத் திறந்துவிட்டார். நீயே சாத்திக்கொண்டாய். நுணலும் தன் வாயால் கெடும்.

பன்னிரண்டு வருஷம் தினம் சாயங்காலம் நீங்கள் இரண்டு பேரும் அந்தப் பாத்தியில் நின்று பேசிச் சிரிப்பீர்கள். நான் டீ கொண்டுவந்தால் பேச்சு நின்றுவிடும். டம்ளரைக் கொடுத்துவிட்டு உள்ளே போவேன். மறுபடி சிரிப்புச் சத்தம் கேட்கும். ஒருநாள், ஒரே ஒருநாள், "நீங்களும் வாங்க அண்ணி" என்று கூப்பிட்டிருப்பாயா? உன் பெட்டியில் இருந்தது விதைக் கேரட் என்று எனக்குத் தெரியும் சிட்டு. தெரிந்துதான் துருவினேன். இப்போது நீ வெளியே நின்று பார், எப்படி இருக்கிறதென்று.

பின் அறையில் இனி உரம் மூட்டை வைக்கலாம் என்று இருக்கிறேன்.

அண்ணி


1 மார்ச்

அண்ணிக்கு,

நீங்கள் நேர்மாறாகத்தான் செய்வீர்கள் என்று தெரிந்தே அப்படி எழுதினேன் என்று ஒரு பொய் என் கைவசம் இருக்கிறது. சொன்னால் யாரும் மறுக்க முடியாது. அண்ணன்கூட நம்புவார். எனக்கு அந்தப் பொய் வேண்டாம்.

கெடவேண்டும் என்றுதான் எழுதினேன். மேலே பச்சையாக நின்று, கீழே நாறவேண்டும் என்று. மூன்று மாதம் தண்ணீர் ஊற்றி, முதுகு ஒடிய வேலை செய்து, அண்ணன் முன்னால் கால் முளைத்த கேரட்டைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் நிற்கவேண்டும் என்று. ஒவ்வொரு கடிதத்தையும் தபாலில் போட்ட அன்று எனக்கு நன்றாகப் பசித்தது, வயிறாரச் சாப்பிட்டேன். அண்ணனை நினைத்தேனா என்றால், இல்லை. அந்த ஒன்று மட்டும் உறுத்துகிறது. உங்கள் விஷயத்தில் எதுவும் உறுத்தவில்லை, நாளைக்கே வாய்ப்பு வந்தாலும் செய்வேன்.

டீ டம்ளரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அது உண்மை. கூப்பிடவில்லை. எனக்கென்று அந்த வீட்டில் இருந்தது அந்த அரை மணி நேரம்தான், அதிலும் பங்கு கேட்கிறீர்களே என்றுதான் அப்போது தோன்றியது. மன்னிப்புக் கேட்கவில்லை, இருந்ததைச் சொல்கிறேன்.

சொல்லவேண்டியது இன்னொன்று. உங்கள் கடைசிக் கடிதம், நான்கு பக்கமும், இப்போது என்னிடம் இல்லை. ஓர் உறையில் போட்டு அண்ணன் பட்டறை விலாசத்துக்கு நேற்றே அனுப்பிவிட்டேன். அவர் எழுதச் சொன்னதை நீங்கள் எழுதாமல் விட்டது, நோட்டை எலி தலையில் கட்டினது, தெரிந்தே என் விதையைத் துருவினது, எல்லாம் உங்கள் கையெழுத்திலேயே இருக்கிறது. ஜெயித்த சந்தோஷத்தில் உங்களுக்குப் பேனா நிற்கவில்லை. பழமொழி சொன்னீர்களே, தவளை இரண்டு அண்ணி.

எனக்கு அந்த வீட்டில் இடமில்லாமல் போனது போனதுதான். உங்களுக்கும் அது பழைய வீடாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

சிட்டு


14 மார்ச்

சிட்டு,

வந்தது உன் உறை. பட்டறையிலேயே கிரீஸ் கையோடு படித்திருக்கிறார். நான்கு பக்கத்திலும் அவர் கட்டைவிரல் ரேகை.

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. மூன்று நாள் வழக்கம்போல் பட்டறைக்குப் போய்வந்தார். போட்டதைச் சாப்பிட்டார், தட்டைக் கழுவி வைத்தார். நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, எங்கள் அறையிலிருந்து தன் கட்டிலைக் கழற்றி, ரேடியோ, டேபிள் ஃபேன், துணிமணி எல்லாவற்றையும் தானே தூக்கிக்கொண்டு பின் அறைக்குப் போனார். நான் "என்னங்க இது, என்னங்க இது" என்று பின்னாலேயே ஓடுகிறேன், திரும்பிப் பார்க்கவில்லை. சாமானை வைத்துவிட்டு வாசலில் நின்று சொன்னார்:

"இனிமே இது என் ரூம். ஒருத்தரும் இந்தக் கதவத் தட்டக்கூடாது. சிட்டு முப்பத்தொண்ணாந்தேதி வர்றா, நானே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க் கூட்டிட்டு வரேன். அவ படுக்கப்போறது உன் ரூம்ல, உன் பக்கத்துல. முப்பது வருஷமா நடுவுல நின்னு ரெண்டு பக்கமும் அடி வாங்கினவன் நான். போதும். ஒருத்திக்கொருத்தி விஷம் வச்சீங்கல்ல, ஒரே ரூம்ல கிடந்து நீங்களே முறிச்சுக்கோங்க."

சொல்லிவிட்டுத் தாழ் போட்டுக்கொண்டார். அன்றைக்குச் சாயங்காலமே கடையிலிருந்து ஒரு கட்டில் வந்து இறங்கியது. என் கட்டிலுக்கும் அதற்கும் நடுவில் ஒரு முழம்தான் இடம். என் அலமாரியில் பாதியைக் காலி செய்யச் சொல்லி, அவரே தட்டுகளைத் துடைத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் அவர் மட்டும் பாத்தி ஓரத்தில் உட்காருகிறார். ஒரு நாற்காலிதான் போட்டுக்கொள்கிறார். கேரட்டைப் பிடுங்கிக் கழுவிக் கடித்துக்கொண்டு, என் பக்கம் பார்ப்பதே இல்லை. நான் கொண்டுபோகும் டீ ஆறிப்போய்த் திரும்பி வருகிறது.

சிட்டு, உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். இது என் வாழ்க்கையில் நான் எழுதாத சொல், இருந்தாலும் எழுதுகிறேன். வரவில்லை என்று அவருக்கு ஒரு வரி எழுதிவிடு. அந்த ஊரிலேயே பெண்கள் விடுதி ஏதாவது இருக்கும். எலி வளையானாலும் தனி வளை என்பார்கள். உனக்கும் அது நல்லது, எனக்கும் நல்லது. நீ ஒதுங்கிக்கொண்டால் கொஞ்ச நாளில் அவர் திரும்பி வந்துவிடுவார். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் கண்ணை மூடவேண்டும், உன் முகத்தில் விழிக்கவேண்டும். உனக்கும் அதே கதிதானே? யோசித்துப் பார்.

அண்ணி


20 மார்ச்

அண்ணிக்கு,

யோசித்துப் பார்த்தேன்.

விடுதி ஒன்று இருக்கிறது, பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளி. போன வாரமே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். சுத்தமான இடம். தனி அறை, கிழக்கே ஜன்னல், கீழே கொஞ்சம் மண்கூட இருக்கிறது. உங்கள் கடிதம் வருவதற்கு முதல் நாள்வரை அங்கே போவதாகத்தான் இருந்தேன். உங்களோடு ஒரே கூரையின்கீழ் இருக்க எனக்கு மட்டும் ஆசையா என்ன?

அப்புறம் உங்கள் கடிதம் வந்தது. நீங்கள் கெஞ்சுகிறீர்கள். அந்த வரியை மூன்று தடவை படித்தேன். விடுதிக்குப் போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

குடுவை எல்லாம் ஒப்படைத்தாயிற்று. சாமான் அதிகமில்லை, ஒரு பெட்டி, ஒரு படுக்கை. சில விஷயம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எனக்கு ஜன்னல் பக்கம் வேண்டும். ஃபேன் வேகமாகச் சுற்றினால் எனக்கு ஆகாது. நான் குறட்டை விடுவேன், பக்கத்துக் குடியிருப்புக்காரர்கள் சுவரைத் தட்டியிருக்கிறார்கள். விளக்கை அணைத்தபின் பேசும் பழக்கமும் உண்டு. பெரும்பாலும் பழைய விஷயங்கள், வரிசையாக. உங்களுக்கும் சொல்ல நிறைய இருக்கும், எனக்குத் தெரியும். முப்பது வருஷத்தது ஒரே இரவில் முடியாது.

இன்னும் ஏதாவது எழுதவேண்டியிருந்தால் முப்பதாம் தேதிக்குள் எழுதிவிடுங்கள். அதற்குப் பிறகு என் விலாசம் உங்கள் பக்கத்துக் கட்டில்.

சிட்டு